மாமா பந்தியில் கேட்ட கேள்வி: விசுவாசத்தைப் பற்றி வீட்டிலும் கடையிலும் எப்படிப் பதில் சொல்கிறீர்கள்?

காயில்கட்டுகிறவன் | திங்கள், இரவு 10.15

எல்லாருக்கும் வணக்கம். இங்க நான் வாசிக்கிறவன்தான். எழுதுறது இதுதான் முதல் தடவை. மனசுல ஒரு பாரம் கிடக்கு, அதான்.

அழகியமண்டபம் பக்கம் மோட்டார் காயில் கட்டுற கடை வச்சிருக்கேன். எங்க வீடு சி.எஸ்.ஐ. கிறிஸ்தவங்க. அம்மைக்க சொந்தத்துல பாதிப் பேர் அய்யாவழி, அதாவது அய்யா வைகுண்டரை வழிபடுறவங்க. குமரி மாவட்டத்துக்காரங்களுக்கு இதை விளக்க வேண்டாம். வெளியூர்க்காரங்களுக்காகச் சொல்றேன்: ஒரே குடும்பத்துல ஒரு கிளை சர்ச்சுக்குப் போகும், இன்னொரு கிளை நிழல்தாங்கலுக்குப் போகும். கல்யாணம், சாவு எதுவானாலும் எல்லாரும் ஒண்ணாத்தான் நிப்போம்.

போன வியாழன் தக்கலை பக்கம் ஒரு கல்யாணம். பந்தியில எனக்குப் பக்கத்துல அம்மைக்க சித்தப்பா மகன் இருந்தாரு. எனக்கு மாமா முறை, அறுபது வயசு தாண்டினவரு. பாயசத்தை இலையில விட்டு, பப்படத்தையும் பழத்தையும் போட்டுப் பிசைஞ்சுக்கிட்டே கேட்டாரு: "மக்கா, உங்க பூட்டன் எதுக்குக் கிறிஸ்தவ வேதத்துல சேர்ந்தான்னு தெரியுமா? தோள்ல போட ஒரு முழத் துணிக்கும், வெள்ளைக்காரன் ஊத்தின கஞ்சிக்கும். எங்க ஆளுக அய்யா கூட நின்னு இந்த மண்ணுலயே தலைப்பா கட்டினாங்க. துணியும் கஞ்சியும் இப்ப எல்லாருக்கும் கிடைக்குது. நீ எதுக்கு இன்னும் அங்க போற?"

கோவமா கேக்கல. கிண்டலும் இல்ல. அந்தக் கடைசிக் கேள்வியை நெசமாவே தெரிஞ்சுக்கத்தான் கேட்டாரு, அது அவரு முகத்துலயே தெரிஞ்சுது. எனக்கு வாயே வரல. "அப்படி இல்ல மாமா"ன்னு என்னமோ முனங்கிட்டுக் கை கழுவ எழுந்துட்டேன்.

ஓய்வுநாள் பள்ளியில மனப்பாடம் பண்ணின வசனம், 1 பேதுரு 3:15, ராத்திரி முழுக்க மண்டையில ஓடுது. விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் உத்தரவு சொல்ல எப்பொழுதும் ஆயத்தமாயிருக்கணும். ஒருத்தர் விசாரிச்சுக் கேட்டாரு, நான் கை கழுவப் போயிட்டேன்.

நீங்க எல்லாம் எப்படிப் பேசுறீங்க? கடையில, பஸ்ல, சொந்தக்காரங்க மத்தியில?

எளிய ஊழியன் | திங்கள், இரவு 10.52

சகோதரரே, ஸ்தோத்திரம். பயப்படுகிற ஆவியைத் தேவன் நமக்குக் கொடுக்கவில்லை. நாளைக்கே மாமா வீட்டுக்குப் போங்கள். ஒரு புதிய ஏற்பாடு எடுத்துக்கொண்டு போங்கள். அறுபது தாண்டியவர், நாளை எப்படியோ நமக்குத் தெரியாது. "சுவிசேஷத்தை நான் பிரசங்கியாதிருந்தால், எனக்கு ஐயோ" என்று பவுல் எழுதியிருக்கிறார். நான் பத்து வருஷமாகப் பேருந்து நிலையத்தில் கைப்பிரதி கொடுக்கிறேன். வாங்கிக் கிழித்துப் போடுகிறவர்களும் உண்டு. வித்து நம் கையில், விளைச்சல் அவர் கையில்.

மைலாடிக்காரன் | செவ்வாய், காலை 6.30

தம்பி, ஊழியர் சொன்ன அவசரம் எனக்குப் புரிகிறது. ஆனால் உங்கள் மாமா கேட்டதில் சரித்திரம் இருக்கிறது. அதைத் தெரியாமல் புதிய ஏற்பாட்டோடு போய் நின்றால், கேள்வியிலிருந்து தப்பித்துப் போவதாகத்தான் அவர் நினைப்பார். நான் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், மாமா சொன்னதில் எது உண்மை? துணி விஷயம் உண்மை. திருவிதாங்கூரில் நம் பெண்கள் மார்பை மறைத்து மேலே சீலை போடக்கூடாது என்று இருந்தது. 1814இல் ரெசிடெண்டும் (ஆங்கிலக் கம்பெனியின் பிரதிநிதி) திவானுமாக இருந்த மன்றோ, கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் என்ற மேல்சட்டை போட்டுக்கொள்ளலாம் என்று உத்தரவு போட்டார். கவனியுங்கள், கிறிஸ்தவப் பெண்களுக்கு மட்டும். அப்படியானால் மானத்துக்காக வேதத்தில் சேர்ந்தவர்கள் இருந்திருப்பார்கள். கட்டாயம் இருந்திருப்பார்கள். 1829இல் அரசாங்கம் மறுபடி தடை போட்டது. ஆலயங்களும் பள்ளிக்கூடங்களும் எரிந்தன. பெண்களின் சீலையைச் சந்தையில் வைத்துக் கிழித்தார்கள். கடைசியில் 1859 ஜூலை 26ஆம் தேதிதான் அரசர் அறிக்கை வந்தது. அதிலும்கூட, உயர்சாதிப் பெண்கள் போடும் பாணியில் போடக்கூடாது என்ற நிபந்தனை இருந்தது. இதை மறைக்காதீர்கள். தன் மகள் மானமாக நடக்க வேண்டும் என்று ஒரு தகப்பன் ஒரு வாசலைத் தட்டினான் என்றால் அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? பசித்தவர்களுக்கு முதலில் அப்பம் கொடுத்தவர்தானே நம் ஆண்டவர்.

ஆனால் துணிக்கு முன்னாலேயே ஒரு கதை இருக்கிறது. மாமாவுக்கு அது தெரியாமல் இருக்கலாம். எங்கள் மைலாடியில் மகாராசன் என்று ஒரு மனிதர். 1799 வாக்கில் சிதம்பரத்துக்குத் தீர்த்த யாத்திரை போனார். தேடிப் போனது அங்கே கிடைக்கவில்லை என்ற ஏக்கத்தோடு, திரும்பும் வழியில் தஞ்சாவூரில் சொந்தக்காரர்களைப் பார்க்கப் போனார். அங்கே ஆலயத்தில் உபதேசம் கேட்டார், ஞானஸ்நானம் பெற்றார், வேதமாணிக்கம் ஆனார். ஊருக்கு வந்து தன் சனத்துக்குத் தானே சொன்னார். சொன்னதற்காக அடியும் வசவும் பட்டார். பிறகு அவரே திரும்பத் தஞ்சாவூர் பக்கம் போய் எங்களுக்கு ஒரு போதகர் வேண்டும் என்று கேட்டார். மிஷனெரி ரிங்கல்தௌபே மைலாடிக்கு வந்தது 1806இல். ஆக, வெள்ளைக்காரர் வருவதற்குச் சில வருஷம் முன்னாலேயே இந்த மண்ணின் மனிதர் ஒருவர் நடந்து போய்த் தேடிக் கொண்டுவந்துவிட்டார்.

இன்னொன்றும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆலயம் கட்டத் திவான் வேலுத்தம்பி அனுமதி தரவில்லை. ரெசிடெண்ட் மெக்காலேயின் செல்வாக்கு பின்னால் இருந்தது, 1809இல்தான் மைலாடியில் கட்ட முடிந்தது. கம்பெனி அதிகாரத்தின் நிழல் நம் கதைமேல் விழவில்லை என்று சொன்னால் பொய். அதே சமயம் ரிங்கல்தௌபே, ஊழியம் என்ற கூலியில்லாக் கட்டாய வேலையிலிருந்தும் வரியிலிருந்தும் தப்பிக்கத்தான் பலர் வருகிறார்கள் என்று கவலைப்பட்டு ஞானஸ்நானம் கொடுக்கவே தயங்கினார். தன் சம்பளத்தை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, 1816இல் உடம்பு முடியாமல் கப்பல் ஏறிப் போனார். எங்கே இறந்தார் என்பதே யாருக்கும் தெரியாமல் போனது. கஞ்சி ஊற்றி ஆள் பிடிக்க வந்தவர் வாழ்க்கை அப்படி முடியாது.

கடைசியாக, மாமாவுடைய அய்யாவைப் பற்றி மரியாதையில்லாமல் ஒரு வார்த்தை பேசாதீர்கள். வைகுண்டர் பிறந்தது 1809, எங்கள் ஆலயம் எழுந்த அதே வருஷம். தலையில் துணி கட்டக் கூடாது என்று ஒடுக்கப்பட்ட மக்களைத் தலைப்பாகை கட்டி நிற்க வைத்தவர். அதற்காகத் திருவனந்தபுரத்தில் சிறையில் கிடந்தவர். உங்கள் பூட்டனும் மாமாவின் பூட்டனும் ஒரே அவமானத்துக்கு விடை தேடியவர்கள். இரண்டு பேரும் இரண்டு வாசலில் நுழைந்தார்கள். அங்கிருந்து பேச்சைத் தொடங்குங்கள்.

காயில்கட்டுகிறவன் | செவ்வாய், மதியம் 1.40

சார், சாப்பாட்டு நேரத்துல ரெண்டு தடவை வாசிச்சேன். மகாராசன் கதை சர்ச்சுல அசன விருந்து நாள்ல பிரசங்கத்துல கேட்டிருக்கேன், ஆனா அவரு தேடிப் போனவருங்கிறதை இப்படி யோசிச்சதில்ல. நன்றி.

பெங்களூர் குமரியன் | செவ்வாய், இரவு 9.05

மைலாடி சாருடையது ஊர்க் கேள்விக்கான பதில். எனக்கு இங்கே ஆபீசில் வருவது வேறு மாதிரி. போன மாதம் மட்டும் இரண்டு வாட்ஸ்அப் ஃபார்வர்ட். ஒன்று, இயேசு காஷ்மீரில் வாழ்ந்தார் என்பது. இன்னொன்று, நிசேயா சங்கத்தில் ரோமப் பேரரசன் பைபிள் புத்தகங்களைத் தேர்ந்தெடுத்தான் என்பது. உங்களுக்கும் வரும் என்பதால் எழுதுகிறேன்.

காஷ்மீர் கதையில் இரண்டு சரடு. ஒன்று நொட்டோவிச் என்ற ரஷ்யர் 1894இல் போட்ட புத்தகம். லடாக்கில் ஹெமிஸ் மடத்தில் ஒரு சுவடி பார்த்தேன், அதில் இயேசு இந்தியாவுக்கு வந்தது இருந்தது என்றார். மறு வருஷமே டக்ளஸ் என்ற ஆக்ராப் பேராசிரியர் அதே மடத்துக்குப் போய்த் தலைமை லாமாவிடம் அந்தப் புத்தகத்தை வாசித்துக் காட்டினார். அப்படி ஒரு சுவடியே எங்களிடம் இல்லை என்று லாமா மறுத்தார். சம்ஸ்கிருத அறிஞர் மாக்ஸ் முல்லரும் நம்பவில்லை. இவர் இந்திய நூல்களை மதித்தவர். ஸ்ரீநகர்க் கல்லறை என்பது இரண்டாவது சரடு. அது அகமதியா இயக்கத்தைத் தொடங்கிய மிர்சா குலாம் அகமது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சொன்னது.

நிசேயா நடந்தது 325இல். அங்கே கூடியது ஆரியுஸ் என்ற போதகர் எழுப்பிய கேள்விக்காக, குமாரன் பிதாவுக்குச் சமமானவரா, படைக்கப்பட்டவரா என்று. அந்தச் சங்கம் வெளியிட்ட 20 சட்டங்கள் இன்றும் கையில் இருக்கின்றன. எந்தப் புத்தகத்தைச் சேர்ப்பது என்று அதில் ஒரு வரி இல்லை. இன்று நம்மிடம் உள்ள அதே 27 புத்தகங்களை வரிசையாகச் சொல்லும், அலெக்சந்திரியா ஆயர் அத்தனாசியுவின் கடிதம் 367ஆம் ஆண்டு. அவரும் புதிதாகத் தேர்ந்தெடுக்கவில்லை, சபைகளில் ஏற்கனவே வாசிக்கப்பட்டதைத்தான் எழுதினார்.

இயேசு என்று ஒருவர் இருந்தாரா என்று கேட்டால் நான் முதலில் பைபிளை எடுப்பதில்லை. தாசித்துஸ் என்ற ரோம வரலாற்றாசிரியர், கிறிஸ்தவர்களை வெறுத்தவர், பொந்தியு பிலாத்துவின் காலத்தில் கிறிஸ்துவுக்கு மரண தண்டனை கொடுக்கப்பட்டதை எழுதியிருக்கிறார். அந்தப் பிலாத்துவின் பெயர் பொறித்த கல் 1961இல் செசரியாவில் கிடைத்தது. பிறகுதான் 1 கொரிந்தியர் 15. சிலுவைக்குப் பிறகு ஏறக்குறைய 20, 25 வருஷத்துக்குள் எழுதியது. உயிர்த்தெழுந்தவரை ஐந்நூறு பேருக்கு அதிகமானோர் கண்டார்கள், பெரும்பாலானோர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்கிறார் பவுல். போய்க் கேட்டுக்கொள் என்று சொல்வது மாதிரி. உயிர்த்தெழுதலையே இதெல்லாம் நிரூபித்துவிடும் என்று சொல்ல மாட்டேன். கட்டுக்கதை என்று ஒதுக்க முடியாத இடத்தில் கொண்டு நிறுத்தும், அவ்வளவுதான்.

இவ்வளவும் ஆபீஸ் குரூப்பில் எழுதினேன். ஒவ்வொரு பாயிண்டாக அடித்தேன். ஃபார்வர்ட் அனுப்பிய நண்பன் பதில் சொல்லாமல் குரூப்பை விட்டே போய்விட்டான். மூன்று வருஷம் ஒன்றாக மதியச் சாப்பாடு சாப்பிட்டவன். நான் எழுதியது ஒவ்வொன்றும் உண்மை. எழுதிய விதம், இருபது பேர் முன்னால் ஒருவனைக் கீழே தள்ளியது. 1 பேதுரு 3:15இல் "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" என்று இருக்கிறது, அதை நான் அன்றைக்கு வாசிக்கவில்லை. தனியாக அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். இப்போது பேசுகிறான், பழையபடி இல்லை.

வேளிமலை | புதன், காலை 7.20

நான் இந்து. சேர்ந்து படித்த நண்பன் ஒருவன் இந்த இழையை அனுப்பினான். எழுதலாமா என்று யோசித்து எழுதுகிறேன். யாரையும் புண்படுத்த அல்ல.

எங்கள் அப்பா 1982 மண்டைக்காட்டு இந்து-கிறிஸ்தவக் கலவர நேரத்தில் இளைஞர். அதைப் பற்றிப் பேசும்போது இன்றும் குரல் தாழ்ந்துவிடும். இரண்டு பக்கமும் இழந்தார்கள். அந்த நினைவு இந்த மாவட்டத்தில் எல்லா வீட்டிலும் ஒரு மூலையில் இருக்கிறது. மதம் பற்றி ஒருவர் வாயைத் திறந்தால் எங்களுக்கு முதலில் வருவது அந்தப் பயம்தான். அதை மனதில் வைத்துப் பேசுங்கள் என்று கேட்கிறேன்.

எங்கள் அம்மா புற்றுநோயில் படுத்திருந்தபோது ஒரு மருத்துவமனை வார்டில் ஒரு குழு வந்தது. அனுமதி கேட்கவில்லை. தலையில் கை வைத்துச் சத்தமாக ஜெபம் செய்து, நம்பினால் எழும்புவீர்கள் என்றார்கள். அம்மா எழும்பவில்லை. நம்பிக்கை போதாமல்தான் போனாள் என்பது போல் அந்த வார்த்தை எங்கள் வீட்டில் தங்கிவிட்டது. கைப்பிரதி விஷயமும் அப்படித்தான். நான் வணங்கும் முருகனை இழிவாக எழுதிய தாளை என் கையில் வைத்துவிட்டு, அன்பினால் கொடுக்கிறேன் என்றால் எப்படி நம்புவது?

ஆனால் இன்னொன்றும் சொல்லாமல் போனால் நான் நியாயமானவன் இல்லை. பக்கத்து வீட்டுச் சேச்சி இரட்சணிய சேனைக்காரர். அம்மாவின் கடைசி இரண்டு மாதம் ராத்திரி முறை போட்டு உட்கார்ந்தார். புண்ணைத் துடைத்தார். ஒரு நாள் அம்மாவே கேட்டாள், "நீ எதுக்கு மோளே இதெல்லாம் செய்யுற?" சேச்சி சொன்னது இரண்டே வாக்கியம்: "எனக்கு ஒருத்தர் இப்படிச் செஞ்சிருக்காரு அம்மா. உங்களுக்கு வேணும்னா அவரைப் பத்திச் சொல்றேன்." அம்மா சொல்லச் சொன்னாள். நான் வாசல் பக்கம் நின்று கேட்டேன். நான் இன்றும் இந்துதான். ஆனால் அந்த ராத்திரி கேட்ட கதையை மறக்கவில்லை.

எளிய ஊழியன் | புதன், காலை 8.10

வேளிமலை அய்யா, அம்மாவின் காரியம் வாசித்து மனம் கலங்கியது. அனுமதி இல்லாமல் கை வைத்தது தவறு. "நம்பினால் எழும்புவீர்கள்" என்று வாக்குக் கொடுக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. அந்தச் சகோதரர்களுக்காக நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

இருந்தாலும் ஒன்று சொல்லாமல் இருக்க என் மனசாட்சி விடவில்லை. சேவை மட்டும் போதும், வாய் திறக்க வேண்டாம் என்று இந்த இழை போய்விடக் கூடாது. சேச்சியும் கடைசியில் வாய் திறந்துதானே சொன்னார்? சொல்லாவிட்டால் அம்மா யாரை அறிந்திருப்பார்?

மைலாடிக்காரன் | புதன், காலை 8.45

ஊழியரே, சொல்வதற்கு யாரும் தடை சொல்லவில்லை. அரசியல் சட்டத்தின் 25ஆம் பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையையும் சேர்த்தே தருகிறது. 1977இல் உச்ச நீதிமன்றம் அதை விளக்கும்போது, பரப்பலாம், ஆனால் இன்னொருவரை மதம் மாற்றுவது என்ற உரிமை அதில் அடங்காது என்றது. தீர்ப்பை விமர்சிப்பவர்களும் உண்டு. எனக்கோ அதில் வேதத்துக்கு விரோதமாக ஒன்றும் தெரியவில்லை. மனம் திரும்புவது அவரவருக்கும் ஆண்டவருக்கும் நடுவில் நடப்பது. நம் பங்கு சாட்சி. ஒன்று மட்டும் கேட்கிறேன், உங்கள் கைப்பிரதியில் பிற தெய்வங்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது?

எளிய ஊழியன் | புதன், காலை 9.30

எடுத்து வாசித்துப் பார்த்தேன். பத்து வருஷமாகக் கொடுக்கிற தாள். இரண்டாம் பக்கத்தில் நான்கு வரி இருக்கிறது. வேளிமலை அய்யா அதை வாசிப்பதாக நினைத்து வாசித்தேன். இனி அந்தத் தாளைக் கொடுக்க மாட்டேன். வேறு எழுதுவேன். கொடுப்பதை நிறுத்த மாட்டேன்.

ஓய்வுபெற்ற நர்ஸ் | புதன், மதியம் 3.00

நாற்பது வருஷம் வார்டில் நின்றவள் என்ற முறையில் ஒன்று. நெய்யூர் மிஷனில் 1838இல் ராம்சே டாக்டர் மருந்து கொடுக்கத் தொடங்கிய காலம் முதல் இந்தக் கேள்வி இருக்கிறது: மருந்து தூண்டிலா? இல்லை என்று நான் பயிற்சியிலேயே கற்றேன். எவரெஸ்ட் ஏறப் போன சாமர்வெல் டாக்டர் பிறகு நெய்யூரிலேயே பல வருஷம் ஆபரேஷன் செய்தார். கத்தியை எடுக்கும் முன் அவர் ஜெபம் செய்வாராம், பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அது டாக்டருக்கான ஜெபம். நோயாளி யாராக இருந்தாலும் வெட்டும் தையலும் ஒன்றுதான்.

என் வழக்கம் இது. கேட்டால் ஒழிய நோயாளி பக்கத்தில் சத்தமாக ஜெபிக்க மாட்டேன். டியூட்டி முடிந்து போகும்போது கட்டில் கட்டிலாக மனதுக்குள் பேர் சொல்லிப் போவேன். கேட்டவர்களுக்குச் சொன்னேன். கேட்டவர்கள் நிறையப் பேர்.

காயில் கட்டுகிற தம்பிக்கு: உங்கள் மாமா பூட்டனைப் பற்றிக் கேட்டது பாதி. மீதிப் பாதியை நீங்களே மேலே எழுதியிருக்கிறீர்கள். "நீ எதுக்கு இன்னும் அங்க போற?" அதற்குச் சரித்திரத்தில் பதில் இல்லை. வசனத்தைப் பாருங்கள். "உங்களிலிருக்கிற நம்பிக்கையைக் குறித்து." பூட்டனிலிருந்த நம்பிக்கை அல்ல.

நெய்தல் டீச்சர் | புதன், இரவு 8.25

நான் கத்தோலிக்கப் பெண், கடற்கரை ஊர். ஞாயிறு மறைக்கல்வி எடுக்கிறேன். வாதம் பண்ணித் தீர்க்க முடியாத கேள்வியைப் பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் எழுதுகிறேன்.

2017 நவம்பர் 30, ஒக்கி. கோட்டாறு சவேரியார் திருவிழா நடந்துகொண்டிருந்த பத்து நாளுக்குள் வந்தது அந்தப் புயல். ஆழ்கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை. தூத்தூர் பக்கத்து ஊர்களில் ஒவ்வொரு தெருவிலும் அழுகை. உடல்கூடக் கிடைக்காத வீடுகள். என் தோழியின் கணவரும் போனார். அவள் என்னைப் பிடித்துக் கேட்டாள்: "சின்ன வயசுல இருந்து சவேரியாரே சவேரியாரேன்னு கூப்பிட்டோம். கடற்கரையில அத்தனை குருசடி. ஒருத்தரும் கேக்கலையா? நீ டீச்சர்தானே, சொல்லு."

தத்துவமாகச் சொல்ல என்னிடம் சில இருந்தன. சுதந்திரம், இயற்கை விதி என்று பயிற்சியில் படித்தது. ஒன்றும் வாயில் வரவில்லை, வராதது நல்லது. அவள் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தேன். தினமும் போனேன். பல வாரம் கழித்து ஒரு நாள் அவளே யோவான் நற்செய்தி 11ஆம் அதிகாரத்தை வாசிக்கச் சொன்னாள். "நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் இறந்திருக்க மாட்டான்" என்று மார்த்தா இயேசுவிடம் முகத்துக்கு நேரே சொல்கிறாள் இல்லையா? "அப்ப நான் கேட்டது பாவம் இல்லையே" என்றாள். இல்லை என்றேன். அடுத்து இயேசு அழுதார் என்று வருகிறது. எழுப்பப் போகிறேன் என்று தெரிந்தும் அழுகிறார். அந்த இடத்தில் இருவரும் நிறுத்திவிட்டோம். அவள் இன்றும் பூசைக்கு வருகிறாள். கேள்வி இன்னும் அவளிடம் இருக்கிறது. என்னிடமும்.

வேலை இடத்தில் விசுவாசத்தைச் சொல்வது எப்படி என்று கேட்டீர்கள். நம் மாவட்டத்திலேயே நடந்தது ஒன்று. நட்டாலம் நீலகண்ட பிள்ளை, மார்த்தாண்ட வர்மா அரசாங்கத்தில் வேலை பார்த்தவர். மாடு செத்து, விளைச்சல் அழிந்து, மனம் உடைந்து இருந்தார். கூட வேலை பார்த்த டிலனாய், 1741 குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுப் படைத்தலைவர், அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார் என்பதுதான் நாங்கள் தலைமுறையாகக் கேட்டு வருவது. பிரசங்கம் இல்லை. எல்லாம் இழந்தவனுக்கு எல்லாம் இழந்த இன்னொருவனின் கதை. சொன்னவரும் தோற்றுப் பிடிபட்டவர். 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்கு. பெயர் தேவசகாயம். அது லாசர் என்ற பெயரின் தமிழ். 1752 ஜனவரி 14இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15இல் புனிதர் பட்டம். துணியோ கஞ்சியோ அவருக்குக் கிடைக்கவில்லை, இருந்த பதவிதான் போனது. இதை உங்கள் மாமாவுக்குச் சொல்லலாம். ஆனால் ஜெயிப்பதற்காகச் சொல்லாதீர்கள்.

காயில்கட்டுகிறவன் | சனி, இரவு 11.30

மூணு நாள் எழுதல. நடந்ததைச் சொல்றேன்.

நர்ஸம்மா எழுதினதை வாசிச்ச ராத்திரி தூக்கம் வரல. நான் எதுக்கு இன்னும் அங்க போறேன்? பதில் எனக்குத் தெரியும். சொல்ல வெட்கம்.

2016 வரைக்கும் நான் சரியான கள்ளன். எரிஞ்ச மோட்டார் வந்தா உள்ள இருக்கிற பழைய காப்பரை உருவி விப்பேன். அலுமினியக் கம்பி வச்சுக் கட்டுவேன். மேல வார்னிஷ் அடிச்சா சாதாரண ஆளுக்கு வித்தியாசம் தெரியாது. பில் காப்பருக்கு. விலையில பெரிய வித்தியாசம் உண்டு, அது குடிக்கப் போகும். அலுமினியம் சீக்கிரம் சூடாகும், வோல்டேஜ் குறைஞ்சா எரியும். எரிஞ்சா திரும்ப எனக்கிட்டதான் வரும்.

அந்த வருஷம் லெந்து நாள்ல ஒரு கூட்டத்துல பின்னாடி நின்னு லூக்கா 19 கேட்டேன், வரி பிரிக்கிற சகேயு கதை. சின்ன வயசுல பாட்டாப் பாடினதுதான். ஆனா ஊரே கள்ளன்னு ஒதுக்கினவன் வீட்டுல, அவன் திருந்துறதுக்கு முன்னாடியே, நான் இன்னைக்குத் தங்கணும்னு இயேசு சொன்னது அன்னைக்குத்தான் காதுல விழுந்துது. முதல்ல வீட்டுக்கு வாராரு. பணம் திருப்பிக் குடுக்குறது அதுக்கு அப்புறம். நான் இருட்டுல நின்னு அழுதேன். குடி ஒரே நாள்ல நிக்கல, ரெண்டு தடவை திரும்பப் போனேன். கள்ளக் காயில் அன்னையோட நின்னுது. ஞாபகம் இருந்த ஏழு பேரு வீட்டுக்குப் போய்ப் பணம் குடுத்தேன். ரெண்டு பேரு கன்னத்துல அடிக்கிற மாதிரிப் பேசினாங்க. இதுதான் நான் அங்க போற காரணம்.

இன்னைக்குக் காலையில மாமா கிணத்து மோட்டார் எரிஞ்சுபோச்சுன்னு ஆட்டோவுல கொண்டுவந்தாரு. நான் கட்டின மோட்டார்தான், 2014ல. பிரிக்கிறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். அந்த ஏழு பேருல மாமா இல்ல. சொந்தக்காரங்கிட்ட சொல்ல மானக்கேடா இருந்துச்சு, விட்டுட்டேன்.

மாமா ஸ்டூல்ல இருந்து பாத்துக்கிட்டிருக்காரு. நான் மூடியைக் கழத்தி வச்சுட்டு, "மாமா, அன்னைக்குக் கேட்டீங்களே, எதுக்கு இன்னும் அங்க போறேன்னு. சொல்றேன், ஆனா முதல்ல இதைப் பாருங்க"ன்னு கருகின கம்பியைப் பிளேடால சுரண்டிக் காட்டினேன். வெள்ளையா இருந்துச்சு. அப்புறம் எல்லாத்தையும் சொன்னேன். வேதமாணிக்கம், தேவசகாயம், தோள்சீலை ஒண்ணும் சொல்லல. சகேயு வரைக்கும் சொன்னேன்.

மாமா ரொம்ப நேரம் பேசல. "எட்டு வீட்டுக்குப் போகாம ஏழோட நிறுத்தினியேலே"ன்னு மட்டும் கேட்டாரு. அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. எழுந்து போயிட்டாரு. மோட்டாரைக் காப்பர்ல கட்டிக்கிட்டிருக்கேன். வாங்கின பணத்தை எடுத்து வச்சிருக்கேன்.

எளிய ஊழியன் | ஞாயிறு, காலை 5.10

தம்பி, இன்று ஆராதனையில் உங்கள் மாமாவுக்காகவும் உங்களுக்காகவும் ஜெபிக்கிறேன். போகச் சொல்லி அவசரப்படுத்தியவன் நான். கேள்வி கேட்டவர் மோட்டாரோடு உங்கள் கடைக்கே வந்தார். நான் கற்றுக்கொள்கிறேன்.

நெய்தல் டீச்சர் | ஞாயிறு, மதியம் 12.45

பேச்சு நின்றுபோனால் பயப்பட வேண்டாம். கோபப்பட அவருக்கு உரிமை உண்டு. மோட்டாரை நீங்களே கொண்டுபோய் மாட்டிக் கொடுங்கள்.

காயில்கட்டுகிறவன் | வியாழன், இரவு 9.50

கொண்டுபோனேன் டீச்சர். மாட்டி ஓட்டிக் காட்டினேன், தண்ணி நல்லா ஏறுது. பணத்தை வாங்கி எண்ணி உள்ள வச்சாரு. மாமி கருப்பட்டிக் காப்பி தந்தா. மாமா அதுவரைக்கும் முகம் பாத்துப் பேசல.

கிளம்பும்போது திண்ணையில இருந்து கேட்டாரு: "அந்த வரி பிரிக்கிறவன் பேரு என்னன்னு சொன்ன?" சகேயுன்னேன். "அவன் எதுக்குலே மரத்துல ஏறினான்?" குள்ளமா இருந்ததால கூட்டத்துல அவரைப் பாக்க முடியல மாமான்னு சொன்னேன். இருன்னாரு. இருந்தேன். முதல்ல இருந்து சொல்லச் சொன்னாரு, முழுசும் சொன்னேன். நடுவுல "காட்டத்தி மரம்"னு வேதத்துல உள்ளபடி சொன்னதும், "அது நம்ம ஊருல எந்த மரம்?"னு கேட்டாரு. மாமா விவசாயி, மரம் சரியாத் தெரிஞ்சாத்தான் கதை அவருக்கு நிக்கும். எனக்குத் தெரியல, கேட்டுட்டு ஞாயித்துக்கிழமை வந்து சொல்றேன்னு வந்திருக்கேன். இங்க யாருக்காவது தெரியுமா?

வேளிமலை | வியாழன், இரவு 10.20

நான் நாற்றங்கால் வைத்திருக்கிறேன், சொல்கிறேன். அந்த மரம் நம் பக்கம் இயற்கையாக வளர்வதில்லை, ஆப்பிரிக்கா, பாலஸ்தீனம் பக்கத்து மரம். ஆனால் நம் ஆற்றங்கரை அத்திக்கு நெருங்கிய சொந்தம். அத்தி மாதிரியே அடிமரத்திலும் பெரிய கிளையிலும் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். கிளை தரைக்குப் பக்கத்திலேயே பிரிந்து அகலமாக விரியும், குள்ளமானவரும் ஏறலாம். அவர் ஊரில் ஓடைப் பக்கம் அத்தி இருந்தால் அதைக் காட்டிச் சொல்லுங்கள், மாமாவுக்குப் புரியும்.